காந்தம் பிடிக்காத இடம்

சைலன்சரைத்தான் முதலில் தொட்டேன். சுட்டது.
நான் வருமுன்பே யாரோ
உதைத்துப் பார்த்து அணைத்திருக்கிறார்கள்.
“காலையிலயிருந்து யாரும் தொடவேயில்ல, கேட்டியளா”
என்றார் தொபியாஸ்.
ஆறட்டும் என்று பூவரச நிழலில் நின்றேன்.
“டீச்சருக்க வீட்டுக்காரரு வரலியா?”
“அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.”

மணவாளக்குறிச்சி. இரண்டு தெரு தள்ளிக் கடல்.
இங்கே உப்பு
கதவுக் கீலைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும்,
கல்லறைச் சிலுவையின் ஆணியைக்கூட விடாது.
எண்பத்துநான்கின் யெஸ்டி ஒன்று
மெரூன் நிறத்தில் மினுங்கி நின்றால்
மகிழ்ச்சிக்கு முன்னால்
சந்தேகம்தான் வர வேண்டும்.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்,
ஹேண்டில் கழுத்தில் சேஸிஸ் எண்.
ஏழு கொஞ்சம் சரிந்திருந்தது,
பக்கத்து இரண்டு அதன்மேல் ஏறப் பார்த்தது.
நல்லது. ஒவ்வொன்றாகக் கையால் அடித்த காலம்.
ரொம்ப நேராக நிற்பவனைத்தான்
நான் வகுப்பிலும் கவனிப்பேன்.

கைப்பையில் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம்.
டேங்கின் வலப்பக்கம் முழுக்க ஒட்டியது.
இடப்பக்கம், முழங்கால் அணைக்கும் இடத்தில்
வழுக்கி விழுந்தது.
பெயிண்டுக்கு அடியில் உள்ளங்கை அகலம் பட்டி.
மண்ணிலிருந்து எடுத்தால்
காந்தத்துக்குக் கருந்தாடி முளைத்திருக்கிறது.
இந்த ஊர் மணல் அப்படி:
வண்டியில் காணாத இரும்பு
தெருவில் கிடக்கிறது.
தொபியாஸ் தாடியைப் பார்த்தார், டேங்கைப் பார்க்கவில்லை.
“சின்ன நெளிவாக்கும். மாடு ஒண்ணு குறுக்க வந்துது.”
அவ்வளவு உயரத்தில் முட்டிய மாட்டைப் பற்றி
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு ஆர்.சி. புத்தகம்.
கரப்பான் தின்ற ஓரம், உள்ளே மூன்று பெயர்கள்.
கடியபட்டணம் மரிய வியாகுலம்,
திங்கள்நகர் வேலப்பன் ஆசாரி,
கடைசியாக இவருடைய மச்சான், மஸ்கட்டில் இருக்கிறாராம்,
கையெழுத்துப் போட ஜூனில் வருவாராம்.
பக்கத்தைத் திருப்பினேன்.

ஊதா மையில் வட்ட முத்திரை.
உள்ளே மூன்று அலை.
மூவாழி பைனான்ஸ், மார்த்தாண்டம். கடன் பேரில்.
ரத்து என்று எங்கும் எழுதியில்லை.

எனக்கு அந்த அலைகளைத் தெரியும்.
எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்கு அடியில்
அதே ஊதாவில் ஒரு பாஸ் புத்தகம் கிடந்தது.
அம்மா இரண்டு வளையலை விற்றுப் போட்ட பணம்,
நூற்றுக்கு இருபத்துநான்கு வட்டி.
எண்பத்தேழில் ஒரு திங்கட்கிழமை
ஷட்டர் திறக்கவில்லை.
அம்மா பஸ் ஏறிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து
மரவள்ளிக்கிழங்கு அவித்தாள்.
பூட்டு எவ்வளவு பெரிது என்று மட்டும் சொன்னாள்.

வியாகுலம் வாங்கிய கடனில்
எந்தச் சக்கரம் எங்கள் வளையல்?
முன்னதா, பின்னதா,
இல்லை அந்தப் பட்டிக்கு அடியில் இருந்த இரும்பா?

“அந்தக் கம்பெனி எப்பவோ பூட்டிப் போச்சு” என்றார்.
“கடன் தீந்துதுன்னு எழுதித்தர ஆளில்ல.
அதொண்ணும் பிரச்சினையில்ல டீச்சர், ஆபீசில ஆளுண்டு.”
வரவேண்டியது வந்து சேர்ந்தது என்று
நானே எழுதிக் கையெழுத்துப் போடலாமா
என்று ஒரு நிமிடம் இருந்தது.

சைலன்சர் இப்போது ஆறியிருந்தது.
சேலையைச் செருகிக்கொண்டு உதைத்தேன்.
ஒன்று. இரண்டு. எதிர்வீட்டுப் பையன்கள் சிரித்தார்கள்.
நாலாவதில் இருமி, நீலப் புகை கக்கி, நின்று ஓடியது.
எஞ்சினுக்குள் லேசாக ஒரு கரகரப்பு;
பேரிங் ஒரு வருடம் தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது.
உதைத்த லிவரையே மடக்கிக் கியராக்கி
தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

தொண்ணூற்றைந்து கேட்டார்.
எழுபது என்றேன்.
“இருபத்தஞ்சு எதுக்குக் குறைக்கணும்?”
பட்டி பார்த்த இடத்தைத் தட்டிக் காட்டினேன்.
மந்தமாக ஒலித்தது.
மற்றதைச் சொல்லவில்லை.

எழுபத்தெட்டுக்கு வந்து நின்றார்.
ஜூனில் மச்சான் வரட்டும், மீதி அப்போது என்று
ஐயாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.
நோட்டுகளில் எல்லாம் கரிமணல்.
விரலை எச்சில் தொட்டு அவர் மறுபடி எண்ணினார்.